வெற்றிக் கணக்கு யாருடையது?

1987இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணிக்காக விளையாடியபோது பிட்சர் (பந்து வீசுபவர்) நோலன் ரையனுக்கு வயது 40. நேஷனல் லீக்கிலேயே அதிக ஸ்ட்ரைக் அவுட் (270) அவருடையது, ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரியிலும் (2.76) அவரே முதலிடம். ஆனால் அவர் பெயரில் பதிவானது 8 வெற்றி, 16 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அந்த ஆண்டும் கிடைக்கவில்லை, 27 சீசன் ஆடியும் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஒரு பிட்சரை வெற்றிக் கணக்கால் எடைபோடுவது அநியாயம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"நல்ல பிட்சர் எப்படியாவது ஜெயிக்க வைப்பார்" என்பார்கள். எதிரணியை ரன் எடுக்கவிடாமல் தடுப்பது அவர் கையில் இருக்கிறது. ஆனால் சொந்த அணி ரன் குவிப்பது பெரும்பாலும் மற்றவர்கள் மட்டையில். 2018இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் கடைசி 29 ஆட்டங்களில் ஒன்றில்கூட மூன்று ரன்னுக்கு மேல் விடவில்லை. சராசரி 1.70. அப்படியும் 10 வெற்றி, 9 தோல்விதான். "நீண்ட காலத்தில் அதிர்ஷ்டம் சமனாகிவிடும், ரையனே 324 ஆட்டம் ஜெயித்தாரே" என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அவ்வளவு காலம் எத்தனை பேருடைய கை தாங்கும்? டிகிராமுக்கே முழங்கையில் மூன்று முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. 2018இல் வாக்காளர்கள் வெற்றி எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் அவருக்கே சை யங் விருதைக் கொடுத்தார்கள். ரையனுக்கும் அந்த நியாயம் கிடைத்திருக்க வேண்டும்.