பின் சில்லில் இருந்த அம்புக்குறி



எங்கள் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். சாய்ந்தமருதில் இருக்கிறோம். போன வருடம் எங்களில் ஒருவருக்கு சம்மாந்துறைக்கு அங்கால் உள்ள பாடசாலைக்கு இடமாற்றம் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். ஒரு மாதத்தில் நாலு கோடு விழுந்த பிறகுதான் "ஒரு பைக் எடுப்பம்" என்ற முடிவுக்கு வந்தோம்.

புதுசு வாங்க வசதியில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய பைக் என்ன விலைக்கு ஏறியது என்பது உங்களுக்கும் தெரியும். சீட்டுக் காசும், ஒரு சோடிக் காப்பு விற்ற காசும் சேர்த்து, பக்கத்து ஊரில் ஒருவரிடம் பழைய 100 சீசீ பைக் ஒன்று வாங்கினோம். வட்டிக்கு ஒரு சதம் எடுக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வாங்கும்போது கடதாசிகளை ஒழுங்காகப் பார்த்தோம். சீ.ஆர். புத்தகத்தில் உள்ள செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் பைக்கில் உள்ளதோடு சரியா, வரிப்பத்திரம் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று எல்லாம் பார்த்தோம். கடதாசியைச் சரிபார்ப்பது எங்களுக்குப் பழகிய வேலைதானே. பைக்கைத்தான் பார்க்கவில்லை.

முதல் பன்னிரண்டு நாளும் என்ன செய்தோம் தெரியுமா? காலையில் எழும்பி டாங்கியைத் துடைத்தோம். புது சீட் கவர் போட்டோம். முன்னால் "மாஷா அல்லாஹ்" ஸ்டிக்கர் ஒட்டினோம். பார்த்தவர்கள் எல்லாம் "சேர், நல்ல சாமான்" என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

பதின்மூன்றாம் நாள் நல்ல மழை. காரைதீவுச் சந்தியால் திரும்பி அம்பாறை ரோட்டில் போகிறோம். ஒருவர் ஓட, மற்றவர் பின்னால் தவணைப் பரீட்சைத் தாள்களை பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு. முன்னால் போன உழவு இயந்திரம் திடீரென்று நின்றது. பின் பிரேக்கை மிதித்தால் கால் கீழே போய் முட்டியது, பைக் நிற்கவில்லை. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, முன் சில்லு ஈர ரோட்டில் வழுக்கியது. இருவரும் வீதியோர வாய்க்காலுக்குள் கிடந்தோம். முழங்கால் தேய்ந்ததும் ஒரு கை வீங்கியதும்தான். அல்லாஹ் காப்பாற்றினான். விடைத்தாள்களை மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே காயவைத்தோம்.

மகளை அன்று ஏற்றிப் போகவில்லை. அதற்கு முந்தின நாள் ஏற்றிப் போயிருந்தோம். அன்றிரவு இருவருக்கும் நித்திரை வராததற்கு அதுதான் காரணம்.

கராஜில் பாஸ் பின் சில்லைக் கழற்றினார். பிரேக் சூ தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. சில்லுக்கு வெளியே, பிரேக் கம்பி வந்து பூட்டும் இடத்தில் இருந்த ஒரு சின்ன அம்புக்குறியைக் காட்டினார். பிரேக்கை மிதித்துப் பிடிக்கும்போது அந்த அம்பு, பக்கத்தில் இருக்கும் எல்லைக் கோட்டைத் தொட்டால் சூ முடிந்துவிட்டது என்று அர்த்தமாம். எங்கள் பைக்கில் அம்பு கோட்டைத் தாண்டி நின்றது. பிரேக் கம்பியின் நட்டும் இனி இறுக்க மரை இல்லாத அளவுக்கு இறுக்கப்பட்டிருந்தது.

"சேர், டீச்சர், பிள்ளையள்ற கொப்பியில ஒரு புள்ளி பிழைச்சாலும் சிவப்பு மையால சுழிக்கிற ஆக்கள் நீங்க. இந்த அம்ப ஒரு நாளும் பாக்கல்லியா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. விற்றவர் மீது கோபப்படலாம்தான். ஆனால் அது மறைத்து வைத்த குறையல்ல. எங்கள் கண்ணுக்கு முன்னால், சில்லுக்கு வெளியே இருந்தது. பன்னிரண்டு நாளும் அதற்கு மேலே இருந்த டாங்கியைத்தான் துடைத்திருக்கிறோம். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் "செய்து கற்றல்" பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவர்கள் நாங்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் அரை மணித்தியாலம் பைக்குக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு இருக்கிறோம். இப்போது பழைய பைக் வாங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால், வீட்டில் செய்யும் வேலைகளைச் சொல்கிறோம்.

முதலில் பிரேக். மேலே சொன்ன அம்பைப் பாருங்கள். பெரிய ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சில்லைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், மிதித்தால் உடனே நிற்க வேண்டும். முன் பிரேக் கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். ட்ரம்முக்குள் ஒயிலோ கிறீஸோ படக்கூடாது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது, அது நெஞ்சுக்குக் கேடு. சூ மாற்றும் வேலையை நாங்கள் செய்வதில்லை, பாஸிடம் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்தது எஞ்சின் ஒயில். விற்றவர் "போன கிழமைதான் மாத்தின" என்று சொன்னாலும் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்து கணக்கு உங்கள் கையில் இருக்கும். ஒயில் அளவைப் பார்க்கும்போது பைக் சமதரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சைட் ஸ்டாண்டில் சரிந்து நின்றால் அளவு பிழையாகக் காட்டும். எங்கள் பைக்குக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே போகிறது. மோட்டார் சைக்கிளுக்குரிய ஒயிலையே வாங்குங்கள், போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்று இருக்கும். இந்த வகைப் பைக்குகளில் கிளச்சும் அதே ஒயிலுக்குள்தான் ஓடுகிறது. கார் ஒயில் சிலதை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும். கீழே உள்ள போல்ட்டை மூச்சைப் பிடித்து இறுக்காதீர்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், மரை போய்விட்டால் செலவு பெரிது.

கழற்றிய ஒயிலைத் தயவுசெய்து வளவில் ஊற்றவேண்டாம். நம்முடைய மண் கடற்கரை மணல். ஊற்றியது கீழே இறங்கி நமது கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான் போகும். பழைய கேனில் ஊற்றி கராஜில் கொடுத்துவிடுங்கள்.

பிறகு செயின். கடற்காற்றுக்கு நம்மூரில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெயில் பழைய பல் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, கியர் ஒயில் பூசுகிறோம். பெற்றோல் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது ஒருபோதும் செயினில் கை வைக்காதீர்கள், சில்லைக் கையால் சுற்றியே பூசுங்கள். விரல் போனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் ஆட்டம் இருக்கலாம். சில்லைச் சுற்றி நாலு இடத்திலாவது பாருங்கள், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேயாது. இறுக்கும்போது இரண்டு பக்கத்து அடையாளக் கோடும் சமமாக நிற்க வேண்டும். இல்லையென்றால் சில்லு சரிந்து ஓடும்.

டயரைப் பார்க்கும்போது பூவை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் டயர் பழசாகி வெடிப்பு விட்டிருக்கலாம். எங்கள் முன் டயர் அப்படித்தான் இருந்தது, மாற்றிவிட்டோம். காற்றைச் சூடில்லாத நேரத்தில் பாருங்கள். எவ்வளவு என்பது பெரும்பாலும் செயின் கவரிலோ அதன் பக்கத்திலோ ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதலாக வேண்டும். நாங்கள் தினமும் இருவர், அதையும் கவனிக்காமல்தான் ஓடியிருக்கிறோம்.

பற்றரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், கம்பியைக் கழற்றி, சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவிக் காயவைத்து, வெசிலின் கொஞ்சம் பூசுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். பிளக்கைக் கழற்றினால் நுனி மண்ணிறமாக இருப்பது நல்லது. கரி பிடித்திருந்தாலோ ஒயில் நனைந்திருந்தாலோ பாஸிடம் காட்டுங்கள். எயார் பில்ட்டர் பஞ்சு என்றால் கழுவலாம். கடதாசி என்றால் தண்ணீர் படவே கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மழை என்று பைக்கை வீட்டுக்குள் ஏற்றிவைத்துக் கதவைச் சாத்தி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

இவ்வளவுக்கும் எங்களிடம் இருப்பது நாலைந்து ஸ்பானர், ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், பழைய துணி, ஒரு 80 பக்கக் கொப்பி. எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில் என்ன செய்தோம் என்று அதில் எழுதுகிறோம். செயின் வேலை ஒருவருக்கு, காற்றும் கொப்பியும் மற்றவருக்கு. முதல் வாரம் மதிலுக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு ராத்தா, "டீச்சர், ஒங்களுக்கு ஏன் இந்த ஆம்புளைட வேலை?" என்று கேட்டார். பின்னால் இருப்பவருக்கும் விழுந்தால் அதே காயம்தானே ராத்தா என்றோம். போன கிழமை அவரே மகனின் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அம்பைப் பார்க்கச் சொன்னார்.

மகளுக்கு ஏழு வயது. பாடசாலைக்கு ஏறுமுன் குனிந்து பார்த்து, "உம்மா, வாப்பா, அம்பு இன்னும் கோட்டுக்குப் போகல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறாள்.

பழைய பைக் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதில் ஏறுகிற உயிர்கள் நம்மிடம் உள்ள அமானிதம். இந்தக் கிழமை யாராவது வாங்கியிருந்தால் டாங்கியைப் பிறகு துடைக்கலாம். முதலில் பின் சில்லுக்குப் பக்கத்தில் குந்துங்கள்.

துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.