வண்டி எண் போதும்

இடித்தவரும் அவர்தான், சத்தம் போட்டவரும் அவர்தான். ஜி.எஸ்.டி. சாலையில் சிக்னலுக்காக நின்றிருந்த எங்கள் காரில் பின்னாலிருந்து வந்து மோதினார். டிக்கி மடங்கி, பின்விளக்கு சில்லுசில்லாகக் கிடந்தது. இறங்கி வந்தவர், "யோவ், எதுக்குய்யா சடன் பிரேக் போட்ட?" என்று ஆரம்பித்தார். பெயரைச் சொல்லவில்லை, லைசென்ஸைக் காட்டவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றதற்கு, "அதைக் கேக்க நீ யாரு?" கூட்டத்தில் ஒரு பெரியவர், "குடுக்குறதை வாங்கிட்டுக் கிளம்புங்க தம்பி, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு யாரு அலையுறது?" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதற்குள் அந்தக் கார் கிளம்பிப் போய்விட்டது.

இந்த மாதிரி நேரத்தில் சாவியைப் பிடுங்குவது, வண்டிக்கு முன்னால் போய் மறிப்பது எதுவும் வேண்டாம். கோபத்தில் ஒருவர் வண்டியைக் கிளப்பினால் போவது உயிர். அதற்கு அவசியமும் இல்லை. அவரிடமிருந்து நமக்கு வேண்டியது வண்டி எண் ஒன்றுதான். அவர் கத்திக்கொண்டிருந்தபோதே என் மனைவி அதைப் போனில் படம் எடுத்துவிட்டாள். இரண்டு வண்டியும் நின்ற நிலை, சிக்னல், சிதறிய கண்ணாடி என்று எல்லாவற்றையும் எடுத்திருந்தாள். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டதும், அந்தக் காருக்குக் காப்பீடு எந்தத் தேதிவரை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். எண்ணை வைத்து உரிமையாளரை வரவழைத்தார்கள். வந்தவர் வேறு ஆள். ஓட்டியது அவருடைய மைத்துனராம். "நான் ஓட்டலையே சார்" என்று அவர் ஒதுங்கிவிட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுப்படி, போலீஸ் கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் விவரங்களை உரிமையாளர் சொல்லியாக வேண்டும். ஓட்டியவருக்கோ அடுத்த பிரிவு இருக்கிறது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். சாலையில் அத்தனை வீறாப்பாகப் பேசியவர் இதையெல்லாம் அறிந்திருப்பாரா என்று தெரியவில்லை.

வண்டிச் செலவு எனக்குப் பெரிதாகப் படவில்லை. முழுக் காப்பீடு இருந்ததால், சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் கை வைக்கவிடாமல் காத்திருந்தோம். நோ கிளெய்ம் போனஸ் போனதுதான் மிச்சம். என்னை உலுக்கியது அம்மாவின் கழுத்து. பின்சீட்டில் இருந்தவர், "எனக்கு ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றுதான் சொன்னார். ராத்திரி தலையைத் திருப்ப முடியவில்லை. அந்தப் பெரியவர் சொன்னபடி ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, பிரச்சினை முடிந்தது என்று எழுதியும் கொடுத்திருந்தால், பிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? சாலையோரத்தில் பேசி முடிக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். வலி எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே அதற்கு விலை பேசுகிறோம்.

ஆகவே, உங்கள் வண்டியில் இருந்தவர்களில் யாராவது லேசாக வலிக்கிறது என்றாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சாலை விபத்து என்று மருத்துவரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று. மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.