தேனும் நிலக்கரியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாய் விளங்குவது சவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கின்றது. சாமையும் தேனும் பலாவும் புளியும் அம்மலை வழங்கும் செல்வங்கள். அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லன்று அது. மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்குவது. அவர்கள் பேசும் மொழி தமிழே.

அம்மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெருந்தொலைநோக்கி அங்கு 1986ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது. பொதுமக்கள் காண்பதற்கெனச் சிறிய தொலைநோக்கியும் உண்டு. ஒருநாள் இரவு, அருகிலிருந்த சிற்றூரைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் அதன் வழியே சனிக்கோளின் வளையத்தைக் கண்டான். கண்டது முதல் அவன் உள்ளம் வேறு எதனையும் நாடவில்லை. தானும் வானநூல் கற்க வேண்டும் என்று உறுதி பூண்டான். அதற்கு ஆங்கில அறிவும் வேண்டும் என்று பெரியோர் கூறினர். ஆகவே, மலையடிவாரத்து நகரப் பள்ளி ஒன்றிற் சேர்ந்து, விடுதியில் தங்கிப் படிக்கலானான்.

அவன் உழைப்பிற் குறைந்தவன் அல்லன். நாள்தோறும் அகராதியைப் புரட்டிப் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்வான். சொற்களை அறிந்தால் மொழியை அறிந்ததாகும் என்பது அவன் எண்ணம். அவ்வெண்ணம் அவனை ஒருநாள் பெருந்துன்பத்தில் ஆழ்த்தியது.

விடுதியில் அவனோடு நெருங்கிப் பழகிய நகரத்து மாணவன் ஒருவன், "உன் பெயரை விடுதிப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்களாமே!" என்று விளையாட்டாகச் சொன்னான். மலைச்சிறுவனின் முகம் வாடியது. அதைக் கண்ட நண்பன் நகைத்து, தான் அவனுடைய 'காலை இழுப்பதாக' ஆங்கிலத்தில் கூறினான். 'இழுத்தல்' என்னும் சொல்லையும் 'கால்' என்னும் சொல்லையும் சிறுவன் நன்கறிவான். தமிழில் ஒருவன் காலை வாரிவிடுதல் என்றால் நம்பியவனை நட்டாற்றில் விடுதலன்றோ? தன் பெயரை நீக்கச் செய்தவன் இவனே என்றும், அதனை அஞ்சாமல் ஒப்புக்கொள்கின்றான் என்றும் அவன் எண்ணிக்கொண்டான். எவரிடமும் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே தன் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தான். விடிந்ததும் முதற்பேருந்தில் மலையேறிவிடுவது என்றும், இனி இப்பக்கம் திரும்புவதில்லை என்றும் முடிவு செய்தான்.

விடுதியைப் பார்வையிட வந்த ஆங்கில ஆசிரியர் மூடிய பெட்டியையும் சிவந்த கண்களையும் கண்டார். அருகில் அமர்ந்து, நடந்ததைப் பரிவோடு கேட்டறிந்தார்.

"தம்பி, உன் நண்பன் உனக்குக் கேடு செய்யவில்லை. ஆங்கிலத்தில் காலை இழுத்தல் என்பது கேலி செய்தலைக் குறிக்கும் மரபுத்தொடர். மரபுத்தொடரில் உள்ள சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் காணலாகாது. அவை கூடிநின்று வேறொரு பொருளைத் தரும்" என்றார்.

"ஐயா, இவ்வளவு எளிய சொற்களும் எனக்கு விளங்கவில்லையே! மலையிற் பிறந்தவனுக்கு ஆங்கிலம் வாராது போலும்" என்றான் சிறுவன்.

ஆசிரியர் தலையை அசைத்தார். "பிறந்த இடத்தின் குறையன்று இது. ஸ்பானிய மொழி பேசுவோர் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கு மிகத் தொலைவில் உள்ளவர் அல்லர். எழுத்துகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆயினும், ஆங்கிலம் கற்கும்போது அவர்களும் உன்னைப் போலவே தடுமாறுகின்றனர். கேலி செய்தலை அவர்கள் மொழியில் 'முடியைப் பிடித்தல்' என்பர். முடியைப் பிடித்துப் பழகியவனிடம் காலை இழுப்பதாகச் சொன்னால் அவன் திகைக்க மாட்டானா?"

சிறுவனின் முகத்தில் சிறு நகை அரும்பியது. ஆசிரியர் மேலும் தொடர்ந்தார்.

"பெருமழை பெய்தால் 'பூனைகளும் நாய்களுமாகப் பெய்கின்றது' என்பர் ஆங்கிலேயர். அத்தொடர் எவ்வாறு தோன்றியது என்பதை அறிஞரும் உறுதி செய்திலர். ஸ்பானியரோ 'குடங்குடமாகப் பெய்கின்றது' என்பர். இது நமக்கு உடனே விளங்குகின்றதன்றோ? ஒரு செயலால் இருபயன் பெறுவதை, 'ஒரு கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்லுதல்' என்பது ஆங்கில வழக்கு. ஸ்பானியர் கல்லை விடுத்து, ஒரே வேட்டில் இரு பறவைகளை வீழ்த்துவர். நம்மவரோ பறவையை விடுத்து, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்களை வீழ்த்துவர். கருத்து ஒன்று, அதனைக் காட்டும் காட்சி வேறு."

"அவ்வாறாயின், ஒரு தொடரின் பொருளை அறிவது எங்ஙனம், ஐயா?"

"அதனை வழங்கும் மக்களின் வாழ்வை நோக்க வேண்டும். 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோதல்' என்று ஓர் ஆங்கிலத் தொடர் உண்டு. நியூகாசில் என்பது இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நகரம். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் மிகுந்திருந்தமையால், அங்கிருந்தே பல ஊர்களுக்கும் கரி கப்பலேறியது. அந்நகருக்குக் கரி கொண்டு சென்றால் யார் வாங்குவர்? பயனற்ற முயற்சியை அத்தொடர் குறிக்கும். 2005ஆம் ஆண்டில் எல்லிங்டன் சுரங்கம் மூடப்பட்டதோடு, அவ்வட்டாரத்தில் ஆழ்சுரங்கத் தொழிலே முடிவுற்றது. தொழில் மறைந்தும் தொடர் மறையவில்லை."

"'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்பது போன்றதா, ஐயா?"

"அதுவேதான். இதே கருத்துக்கு ஸ்பானியர் கூறும் தொடர் யாது தெரியுமா? 'தேனீ வளர்ப்பவனுக்குத் தேன் விற்றல்' என்பதாம்."

சிறுவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தந்தையார் பாறைகளிலும் மரப்பொந்துகளிலும் தேன் எடுப்பவர். "ஐயா, இஃது எங்கள் மலைக்கே சொன்னது போல இருக்கின்றது! எங்கள் வீட்டு வாயிலில் வந்து ஒருவர் தேன் விற்றால் என் தாயார் சிரித்துவிடுவார்" என்றான்.

"பார்த்தாயா? நியூகாசில் எங்கே இருக்கின்றது என்று நகரத்துப் பிள்ளைகளுக்கும் தெரியாது. தேனைப் பற்றியோ நீ அவர்களுக்குக் கற்பிக்கலாம். ஒவ்வொரு மக்களும் தம் கண்ணெதிரே உள்ளதைக் கொண்டே பேசுகின்றனர். கரியுள்ளவன் கரியைச் சொன்னான். தேனுள்ளவன் தேனைச் சொன்னான். அறியாத தொடரைக் கேட்டால் கோபமும் கொள்ளாதே, நாணமும் கொள்ளாதே. 'இதன் பொருள் யாது?' என்று கேள். அவ்வொரு வினாவை நீ இன்று கேட்டிருந்தால் இப்பெட்டி கட்டப்பட்டிராது" என்றார் ஆசிரியர்.

அவர் சென்ற பின்னர்ச் சிறுவன் நெடுநேரம் விழித்திருந்தான். பிறகு எழுந்து, துணிகளை மீண்டும் அலமாரியில் வைத்தான்.

மறுநாள் வகுப்பில் கரும்பலகையின் ஒருபுறம் நியூகாசில் தொடரும், மறுபுறம் தேன் தொடரும் எழுதப்பட்டன. தேனைப் பற்றிக் கூறுமாறு ஆசிரியர் சிறுவனைப் பணித்தார். அவன் முதலில் தயங்கினான். பின்னர்ப் பாறைச்சரிவிற் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீயையும், பொந்தில் அடுக்கடுக்காய்க் கூடு கட்டும் அடுக்குத் தேனீயையும், கொடுக்கற்ற கொசுத்தேனீயையும் பற்றி விளக்கினான். வகுப்பு வியந்து கேட்டது. முந்தின நாள் கேலி செய்த நண்பன் எழுந்து, "கொசுத்தேனீ என்றால் என்ன? நான் கேள்விப்பட்டதே இல்லையே!" என்றான். அவன் அறியாமையைக் கண்டு ஒருவரும் நகைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவன் சிறுவனிடம் வந்து, முந்தின நாட் செயலுக்கு வருந்தினான்.

பிறமொழி மரபைக் கற்பதில் இடர்ப்படுவோர் மாணவர் மட்டும் அல்லர். தமிழ் கற்க வந்த ஐரோப்பியரும் அவ்விடரை நன்கறிந்திருந்தனர். பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874ஆம் ஆண்டில் வெளியிட்டார். டென்மார்க்கு நாட்டினரான ஜென்சன், தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், தமிழ்ப் பழமொழிகளை வகைப்படுத்தி விளக்கி 1897இல் நூலாக்கினார். அகராதி மட்டும் போதுமாயின், அவர்கள் இத்துணை உழைத்திருக்க வேண்டுவதில்லை. மக்களின் வாய்மொழியைச் செவிமடுத்தாலன்றி அம்மொழி கைவராது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

பிறமொழித் தொடர் ஒன்றைக் கற்பது, பிறர் வீட்டிற்கு விருந்தினராகச் செல்வது போன்றது. அவ்வீட்டின் வழக்கம் தெரியாதபோது கேட்டறிவதில் இழிவில்லை. விருந்தினர் தடுமாறும்போது நகைப்பது வீட்டாருக்கு அழகுமன்று. மலைச்சிறுவன் அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டான். கேட்ட தொடர்களை ஒரு பக்கத்திலும், அதே கருத்துக்குத் தன் ஊரார் கூறும் தொடர்களை எதிர்ப்பக்கத்திலும் எழுதி வந்தான். விடுமுறையில் மலைக்குச் சென்றபோது, எதிர்ப்பக்கத்தை நிரப்புவதற்காக ஊர்ப் பெரியோரிடம் அமர்ந்து கேட்டான். விடுமுறை முடிந்ததும், தேன்குப்பி ஒன்றை நண்பனுக்கென எடுத்துக்கொண்டு, முதற்பேருந்தில் மலையிறங்கினான்.