இரண்டு முறை இறக்கிய இன்ஜின்

எங்கள் வீட்டுப் பழைய புரோட்டோன் சாகா நீலப்புகை கக்கத் தொடங்கியதும் ஈப்போவில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். அவர்கள் கேட்ட கூலி, காரை விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகம். "வித்துடலாம்ப்பா" என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை, இரவல் வாங்கிய ஒரு டன் செயின் பிளாக்கோடு வாசலில் நின்றார்.

அவருக்கு விற்க மனம் வராது. சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது கிடைத்த பணத்தில் வாங்கிய கார் அது. 1985-இல் முதல் சாகா வெளிவந்தபோது நம் நாட்டுக் கார் என்று பெருமைப்பட்டோம். உள்ளே இருந்தது மிட்சுபிஷி இன்ஜின். தோட்டத்து லாரி, டிராக்டர்களை முப்பது வருடம் பார்த்த அப்பாவுக்கு எந்த இன்ஜினும் அந்நியமில்லை.

தோட்டத்தில் என்றால் பலாமரக் கிளையில் சங்கிலியைக் கட்டிவிடுவார்கள். தாமான் வீட்டில் மரம் ஏது? முன்கூரை உத்தரத்தில் கட்டலாமா என்று கேட்டேன். "வீடு கீழ வரும்" என்றார். மூன்று இரும்புக் குழாய்களைக் கூம்பாக நிறுத்தி, உச்சியில் கட்டினார்.

பேட்டரியைக் கழற்றி, பானட்டை எடுத்து, தண்ணீரையும் எண்ணெயையும் வடித்தோம். ஒவ்வொரு வயரிலும் ஹோஸிலும் அம்மாவின் பழைய சேலைத் துணியை நிறம் பார்த்துக் கட்டினார். சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு. போல்ட்டுகள் மைலோ டின்களுக்குப் போயின. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை அம்மா கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். இருபது வருடம் பால் வெட்டியவர். "நாங்க வெட்டுன பாலா இருக்குமோ?" என்றார். இருக்கலாம், யார் கண்டது?

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சாய்ந்தபடி மேலே வந்தன. ரிங், பேரிங், ஆயில் சீல் மாற்ற ஒரு வாரம் ஆனது. கிளட்ச் பிளேட்டும் தேய்ந்திருந்ததால் புதிது வாங்கினோம்.

அந்தப் பிளேட்டில்தான் வந்தது வினை. அதற்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நடுவில் மேடு. அப்பா அதை மாட்டும்போது மேடு இன்ஜின் பக்கம் இருந்ததைப் பார்த்தேன். பழையதைக் கழற்றியவன் நான். அது வேறு மாதிரி இருந்ததாக ஞாபகம். அப்பாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. ஆனால் கணக்கு எழுதிப் பிழைக்கும் நான் அவருக்குச் சொல்வதா? வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி முடித்து சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அழகாக ஓடியது. புகையே இல்லை. டயருக்கு அடியில் அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டார். பல்லோடு பல் அரைக்கும் சத்தம். மறுபடி மிதித்தார், மறுபடியும் அதே சத்தம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்ப்பா பிளேட்டை மாத்தி மாட்டிட்டேன் போல" என்றேன்.

நான் அதைத் தொடவே இல்லை என்பது அவருக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நீ பார்த்திருக்க. ஏன்டா சொல்லல?"

நான் பேசவில்லை.

"தோட்டத்துல இப்படி வாய மூடிக்கிட்டு நின்னா எவனாவது கை போயிருக்கும்."

அன்று இரவு அவர் என்னோடு பேசவில்லை. நான் தப்பாக மாட்டியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி குழாய்களை நிறுத்தினோம். காருக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸை மட்டும் இறக்கலாம்தான். ஆனால் காரைத் தூக்கி நிறுத்த எங்களிடம் வசதி இல்லை, அப்பாவின் முதுகும் இடம் கொடுக்கவில்லை. பாதி நேரத்தில் இன்ஜின் வெளியே வந்துவிட்டது. துணி முடிச்சுகள் அப்படியே இருந்தன.

இந்த முறை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். ஸ்பேனர் என் கையில்.

"எந்தப் பக்கம்?"

"மேடு கியர்பாக்ஸ் பக்கம்ப்பா."

குனிந்து விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிளேட் நடுவில் நிற்க, சீவி வைத்திருந்த மரக்கட்டையை நீட்டினார். கியர்பாக்ஸ் பொருந்தாமல் முரண்டு பிடித்தபோது நான் இடித்துத் தள்ளப் போனேன். "இடிக்காத. லேசா ஆட்டு, தானா உட்காரும்" என்றார். உட்கார்ந்தது.

அடுத்த மாதம் ஈப்போ பொது மருத்துவமனைக்கு, புரை அறுவை சிகிச்சைக்காக அதே காரில்தான் போனோம். நான் ஓட்டினேன். ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்: "கிளட்ச மெதுவா விடுடா."