அளவு எடுத்தவன் விற்பான்

பாளையங்கோட்டையில் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூமில் விற்பனைக்குச் சேர்ந்தபோது, முதலாளி அண்ணாச்சி என்னைக் கஸ்டமர் பக்கமே விடவில்லை. டேப்பைக் கையில் கொடுத்து, அளவு எடுக்கும் பையனோடு சைட்டுக்கு அனுப்பினார். “பேசதுக்கு ஊர்ல ஆளா இல்ல? மொதல்ல செவத்தப் படிச்சிட்டு வாடே.”

எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. ஒரே சுவரைக் கீழே, நடுவே, மேலே அளந்தால் மூன்று கணக்கு வரும். சின்னதைத்தான் எழுத வேண்டும். பெரியதை எழுதினால் ஃபேக்டரியிலிருந்து வரும் பெட்டி சுவருக்குள் நுழையாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எடுத்த அளவு செல்லாது. மேடை உயரத்துக்கு ஊரெல்லாம் 34 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அண்ணாச்சி சமைக்கிறவரையே நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்வார். அதற்கு நாலைந்து அங்குலம் கீழே கோடு போடுவார். பிறகுதான் அந்தக் கேள்வி: “அக்கா, கிரைண்டர எங்க வைக்கீங்க?”

கேட்லாக்கில் இருக்கும் இத்தாலி அடுக்களைகளில் கிரைண்டர் கிடையாது. நம் வீட்டில் அது இல்லாமல் மாவு ஏது? அதற்கு இடம், பிளக், கழுவிய தண்ணீர் போக வழி மூன்றையும் படத்தில் காட்டினால், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

பிளைவுட் பாடமும் அப்படித்தான். ஐ.எஸ். 710 பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். சிங்க் அடிக்கு அதுதான் வேண்டும். மேல் அலமாரிக்கு ஐ.எஸ். 303 போதும் என்று நாமே சொல்லிவிட வேண்டும். விலை குறைந்ததைச் சொல்கிறவனைத்தான் அடுத்ததற்கும் நம்புவார்கள்.

பிறகு கோவையில் ஒரு இன்டீரியர் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ போனபோது, எதையாவது கையில் கொடுத்து விற்றுக் காட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் கேள்வியே வேறு: “ஆடி மாசம் டார்கெட்ட எப்படிங்க புடிப்பீங்க?” ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லை, ஆவணியில் உண்டு. ஆவணிக்குப் பெட்டி மாட்ட வேண்டுமென்றால் அளவும் படமும் ஆடியிலேயே முடிய வேண்டும்; அட்வான்ஸை ஆடிப்பெருக்கு அன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

அடுத்து, சேல்ஸ் பையன் ஒருவன் 20 சதவீதம் தள்ளுபடி வாக்குக் கொடுத்துவிட்டான், கம்பெனி 10தான் தரும், என்ன செய்வீர்கள் என்றார்கள். நானே அவனோடு அந்த வீட்டுக்குப் போவேன். மேலே லாஃப்டுக்குப் போடும் கதவை இப்போதைக்கு விட்டுவிட்டுக் கணக்கைக் குறைத்துக் காட்டுவேன் என்றேன். அவனைத் தனியாக அனுப்பினால் இன்னொரு வாக்கும் கொடுத்துவிட்டு வருவான்.

எச்.ஆர். அம்மா என் பலம், பலவீனம் எல்லாம் கேட்டார். அது எல்லா இன்டர்வியூவிலும் உள்ளதுதான். உண்மையான பரீட்சையை அக்கவுண்ட்ஸ்காரர் வைத்தார். விசாரிக்க வருகிறவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அளவு எடுக்கப் போகிறீர்கள், எத்தனை கொட்டேஷன், எத்தனை ஆர்டர், கடைசி 10 சதவீதப் பணம் எத்தனை பேரிடம் நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டார். என் நோட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அந்தக் கடைசித் தொகை பெரும்பாலும் சரியாக மூடாத ஒரு கதவால்தான் நிற்கும். ஃபிட்டரை அனுப்பி கீலைத் திருகினால் பணம் வந்துவிடும். இதைச் சொன்னதும் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். ஃபிட்டர்கள் யார் சொல் கேட்பார்கள், இன்சென்டிவ் ஆர்டருக்கா வசூலுக்கா என்று இரண்டு கேட்டேன். வசூலுக்கு என்றார்கள், சேர்ந்துவிட்டேன். இந்தத் தொழிலில் மேனேஜர் வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ஆர்டருக்கு என்றால் சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள். பையன்கள் கொடுத்த வாக்குக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.