திருகு தெரியாத பலகை

காளவாசல் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் எப்போதாவது ஒன்றில் பாத்டப் வைக்கிறார்கள். வைத்த கையோடு அதன் முன்பக்கத்தைச் செங்கல்லால் அடைத்து, டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளை ஒயிட் சிமெண்டால் பூசிவிடுவார் கொத்தனார். பார்க்க அழகுதான். ஆனால் கழிவுநீர்க் குழாயும் அதன் இணைப்புகளும் அந்தச் சுவருக்குப் பின்னால் அடைபட்டுப் போகின்றன. பைபாஸ் ரோட்டை ஒட்டிய என் அத்தை வீட்டில் ஒரு ரப்பர் வாஷர் கசிந்ததற்காக அந்தச் சுவர் முழுவதையும் இடிக்க வேண்டியிருந்தது. அதே டைல்ஸ் பிறகு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

மறுபடி மூடும்போது, கழற்றி மாட்டும் பலகையாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. "ஸ்க்ரூ தலை ஒண்ணுகூடத் தெரியக் கூடாதுப்பா" என்றார் அத்தை. அழகு மட்டும் காரணமல்ல. போர்த் தண்ணீரின் உப்பு முதலில் திருகின் தலையில் வெள்ளையாகப் படியும், பிறகு துருவேறும். சில வருடம் கழித்துக் கழற்றப் போனால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க அதில் பள்ளமே இருக்காது.

காந்தம் வைக்கலாம் என்று முதலில் தோன்றும். அலமாரிக் கதவுக்கு அது போதும். டைல்ஸ் ஒட்டிய பலகை வேறு. டைல்ஸ் நல்ல கனம். நேராக இழுத்தால் விடாத காந்தம், கீழ்நோக்கி வழுக்கும் பாரத்தை அந்த அளவுக்குத் தாங்காது. நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால், ஈரத்தில் அதுவும் துருப்பிடிக்கும். பாரத்தைத் தரைதான் சுமக்க வேண்டும். காந்தம் பலகை முன்னே சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

வேலைக்கு வந்த ஆசாரி காந்தமே வேண்டாம் என்றார். "கடைப் பலகை மாதிரித் தூக்கிப் போட்டா நிக்கும்மா."

சரியான இடத்தைத் தொட்டுவிட்டார். பழைய பலசரக்குக் கடைகளை ராத்திரி பலகை வைத்து அடைப்பார்கள். பலகைகளில் வரிசை மாறாமலிருக்க எண் போட்டிருக்கும். நிலையின் மேலே ஆழமான காடி, கீழே ஆழம் குறைந்த காடி. பலகையின் தலையை மேல் காடிக்குள் நுழைத்து, முழுக்கத் தூக்கி, அடியைக் கீழ்க் காடிக்கு நேரே கொண்டுவந்து இறக்கினால் முடிந்தது. இறங்கிய பிறகும் தலை மேல் காடியைவிட்டு வெளியே வராது. ஆணியும் இல்லை, கீலும் இல்லை. ஷட்டர் வந்ததும் கடைவீதிகளில் இந்த வேலை அருகிப்போனது எனக்கு வருத்தம்தான். அவ்வளவு எளிமையான, அவ்வளவு தெளிவான யோசனை அது.

பாத்டப்பில் மேல் காடியைத் தனியாகச் செதுக்க வேண்டியதில்லை. தொட்டியின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கிறதே, அதுவே காடி. உள்ளே பலகை சாய்ந்து நிற்க ஒரு அலுமினியச் சட்டம். தரையில் 6 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சிறு தடுப்பு. மேலே பலகைக்கும் விளிம்பின் உட்புறத்துக்கும் நடுவே 15 மில்லிமீட்டர் இடைவெளி. மேல் இடைவெளி கீழ்த் தடுப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் கணக்கு. தூக்கினால் அடிப்பக்கம் தடுப்பைத் தாண்டி வெளியே வரும், இறக்கினால் பூட்டிக்கொள்ளும். பிடித்துத் தூக்கக் கைப்பிடி வேண்டாம், கண்ணாடிக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் உறிஞ்சி போதும். டைல்ஸையும் விட்டுவிட்டோம். பிவிசி ஃபோம் போர்டின் மேல், கடை முகப்புகளுக்கு ஒட்டும் ஏசிபி ஷீட். அத்தையே ஒற்றை ஆளாகத் தூக்கலாம். தண்ணீர் பட்டால் பிளைவுட் போல ஊதாது.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பலகையைச் சுற்றிச் சிலிக்கான் அடிக்க விடவில்லை. தொட்டி சுவரைத் தொடும் இடத்தில் சிலிக்கான் அவசியம்; பலகை ஓரத்தில் அடித்தால் மறுபடி கத்தி வைத்து அறுக்க வேண்டிவரும். "தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுக்கவும்" என்று ஒரு தாளில் எழுதி, மோட்டார் சுவிட்ச் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அடுத்து வரும் பிளம்பர் சின்னப் பையனாக இருக்கலாம், பலகைக் கடையைப் பார்த்தே இருக்க மாட்டான்.