இரண்டாம் பாகம்

“சேர், பேய்ப்படத்துல ரெண்டாம் பாகம் மட்டும் ஏன் பயமா இருக்கிறதில்ல?”

பத்தாம் தர மாணவன் ஒருவன் சென்ற மழைக்காலத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஹல்துமுல்லை மலைகளை மூடுபனி மறைத்திருந்த ஒரு பிற்பகல். இலக்கணப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். என்னால் அதைச் சிரித்து ஒதுக்க இயலவில்லை.

விடை தேடுகையில் இரு இந்திப் படங்கள் நினைவுக்கு வந்தன. 2011இல் பவன் கிருபளானி இயக்கிய ‘ராகினி எம்.எம்.எஸ்.’ படத்தைப் பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு பார்த்தேன். கதைமாந்தரே எடுத்த ஒளிப்பதிவு பின்னர் நம் கைக்குக் கிடைத்தது போலக் காட்டும் வகையைச் சேர்ந்தது அது. ஒருவன் தன் காதலியை ஒதுக்குப்புறமான வீடொன்றுக்கு அழைத்துச் செல்கிறான். அவளறியாமல் அங்கே கமெராக்களை மறைத்து வைத்திருக்கிறான். அவளது அந்தரங்கத்தை விற்றுத் திரையுலகில் இடம் பிடிப்பது அவன் எண்ணம். அவ்வீட்டிலுள்ள ஆவியோ, சூனியக்காரியென்று பழி சுமத்தப்பட்ட ஒரு பெண். பேயைக் காட்டிலும் அந்தக் கமெராவே என்னை அச்சுறுத்தியது.

2014 மார்ச்சில் பூஷன் பட்டேலின் இயக்கத்தில் இரண்டாம் பாகம் வெளிவந்தது. அதே வீட்டுக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வருகிறது. ராகினிக்கு நேர்ந்ததைப் படமாக்குவது அவர்களின் நோக்கம். நடுங்கும் கமெரா மறைந்து, வழமையான படங்களின் பளபளப்பு வந்துவிட்டது. சன்னி லியோனின் ஆட்டமும் பாட்டும் திரையை நிறைக்கின்றன. முதற் படமும் குற்றமற்றதன்று. எனினும் ஒளிந்து பார்ப்பதன் கொடுமை அதில் ஓரளவேனும் நம்மை உறுத்தியது. இரண்டாவது, பார்த்து மகிழுங்கள் என்று நம்மை அழைக்கிறது.

அதே ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, எமது பிரதேசத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்களோ அதே லயன்களில்தான் இருந்தார்கள். சரிவின் பின்னர் கமெராக்கள் திரண்டு வந்தன. சில வாரங்களில் திரும்பிப் போயின.

பின்னொரு நாள், தாயொருவர் தம் கைத்தொலைபேசியிலிருந்த பதிவொன்றை எனக்குக் காட்டினார். செம்மண், ஓலம், ஆடும் கை. எடுத்தவர் தம் வீடு எங்கேயென்று தேடிக்கொண்டே எடுத்திருந்தார்.

“இதுக்குப் பொறகு நடந்தத யாரும் படம் புடிக்கல சேர்” என்றார் அத்தாய்.

2016இல் 75 வீடுகள் கையளிக்கப்படும்வரை அம்மக்கள் காத்திருந்த காலமே அவர் சொன்ன ‘பிறகு’. அதை எழுத வேண்டியது எமது இலக்கியத்தின் கடமையல்லவா?

மறுநாள் மாணவனிடம் சொன்னேன்: “தம்பி, முதற் பாகத்துல கமெரா பயந்தவங்க கையில இருக்கு. ரெண்டாவதுல அது பயத்தை விக்கிறவங்க கைக்குப் போயிருது.”

அவன் சற்று யோசித்தான். “அப்ப நம்ம கதைக்கு ரெண்டாம் பாகம் யாரு சேர் எடுக்கிறது?”

அவ்வாரக் கட்டுரைக்கு, ‘கமெராக்கள் போன பிறகு’ என்று தலைப்புக் கொடுத்தேன். கொப்பிகள் என் மேசைக்கு வந்தன. முதலில் திறந்த கொப்பியில் ஒரு பட்டியல் இருந்தது: மழை பெய்யும் இரவுகளில், வீட்டில் எவர் எத்தனை மணிவரை விழித்திருப்பது என்ற முறை.